மறு: ‘பாட்ச்’ – திறமையின்மை வேண்டாம், சொதப்பலே இருக்கட்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். நம் கலைச்சொல் குழுவில் பம்புசெட் பராமரிப்புக் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் அம்மா கேட்டது ஒரே ஒரு சொல்லைத்தான். ஆங்கில மூலத்தில் ஏழெட்டு இடங்களில் ‘பாட்ச்’ (botch) என்ற வினை வருகிறது, அரைகுறையாகப் பார்க்கப்பட்டு மேலும் கெட்டுப்போன பழுதுவேலையைச் சொல்ல, இதற்குத் தமிழில் என்ன போடலாம் என்று கேட்டிருந்தார். அதற்குள் திறமையின்மை, திறனற்ற பணி, குளறுபடி, குழப்படி, இடக்கை வேலை, ஒட்டுவேலை, வழு என்று ஏழு பரிந்துரைகள் வந்துவிட்டன. முதல் நாளே ஒருவர் சொதப்பல் என்று எழுதினார், அது கொச்சை என்று சொல்லி உடனே தள்ளிவிட்டோம். தள்ளியது தவறு என்று நினைக்கிறேன், அதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் நம் பரிந்துரைகளில் பாதி அதன் இன்றைய அகராதிப் பொருளின் முதல் வரியை மட்டும் பார்த்து எழுந்தவை. பாட்ச் என்றால் முதலில் கெடுப்பது என்று பொருளே இல்லை. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது ஆங்கில எழுத்தில் தலைகாட்டும்போது அதற்குப் பழுதுபார்ப்பது, செப்பனிடுவது என்றுதான் பொருள். விக்ளிஃப் வழியினர் பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்த காலம் அது. அதற்கு நூறு நூற்றைம்பது ஆண்டு கழித்து, 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ‘மோசமாகப் பழுதுபார்ப்பது’ என்று பொருள் சரிகிறது. அப்புறம் அங்கிருந்து இன்னும் இறங்கி, பழுதுபார்ப்பே இல்லாத இடத்திலும், எந்த வேலையையும் கைபதறிக் கெடுப்பது என்று விரிந்துவிட்டது. பழைய துணியைத் தைத்துக் கொடுக்கும் தையல்காரரை அந்தக் காலத்தில் ‘பாட்சர்’ என்றே அழைத்திருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் கோமாளி, நேர்மையில்லாதவன் தன்னைத் தானே திருத்திக்கொள்ளட்டும், முடியாவிட்டால் பாட்சர் அவனைத் தைத்துச் சரிசெய்யட்டும் என்கிறான். அங்கே அந்தச் சொல்லில் வசை கிடையாது, கிழிசல் தைக்கும் ஆள், அவ்வளவுதான். அதே ஷேக்ஸ்பியர் ‘மாக்பெத்’தில், கொலையாளிகளிடம் வேலையில் ‘பாட்ச்’ எதுவும் இருக்கக் கூடாது என்று மாக்பெத் சொல்லும் இடத்தில் அது பழுது, கறை, அரைகுறை என்ற பொருளில் வந்து நிற்கிறது. ஒரே எழுத்தாளர் கையில் ஒரே சொல்லின் இரண்டு முகம்.

(பைபிள் வாசிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் ‘எகிப்தின் பாட்ச்’ என்று ஒன்று வரும். அது வேறு சொல், பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, கட்டி அல்லது கொப்புளம் என்று பொருள். நம் வேதாகமத்தில் அந்த இடத்தில் பருக்கள் என்றே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி வேர் தேட வேண்டாம்.)

ஆக, சொல்லின் அடியில் ஒரு பழுதுபார்க்கும் கை இருக்கிறது. சரிசெய்ய வந்த கை, சரிசெய்யும் போக்கில் கெடுத்துவிட்டது. கையேட்டில் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் இதே பொருளில்தான் வருகிறது என்று அம்மா கொடுத்த எடுத்துக்காட்டுகளைப் பார்த்தால் தெரியும். ‘திறமையின்மை’ இந்த இடத்தில் உட்காராததற்குக் காரணமும் இதுதான்.

திறமையின்மை என்பது ஆளைப் பற்றிய சொல். அவனிடம் ஒன்று இல்லை என்கிறது. பாட்ச் என்பது வேலையைப் பற்றிய சொல், என்ன நடந்தது என்கிறது. திறமை இல்லாதவன் பழுதைத் தொடாமலே வீட்டில் உட்கார்ந்திருக்கலாம், அப்போது எந்த மோட்டாருக்கும் ஒன்றும் ஆகாது. திறமையுள்ளவனும் அவசரத்தில் பாட்ச் செய்வான். இது எனக்கு ஏட்டில் தெரிந்த வேறுபாடு இல்லை, பல்லடம் பக்கம் என் அப்பா வைத்திருந்த, மோட்டார்களுக்குக் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் கடையில் பன்னிரண்டு வயதில் பார்த்தது.

ஒரு விவசாயி ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். வேறொரு கடையில் காயில் கட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை, எரிந்துவிட்டது. அப்பா மூடியைக் கழற்றினார். மேலே பார்த்தால் அவ்வளவு அழகான வேலை. ஸ்லாட்டுக்கு வெளியே வரும் காயில் தலைகளை வெள்ளை நாடாவால் வரிசையாகக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, தேன் நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது, ஒரு பக்கம் மட்டும் கருகல். கருகின இடத்தில் நாடாவை அறுத்து ஸ்லீவை இழுத்துவிட்டு அந்த இணைப்பை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு செம்புக் கம்பிகளை முறுக்கியிருந்தது. ஒரு கம்பியில் எனாமலை (மின்சாரம் கடத்தாத மேற்பூச்சை) நன்றாகச் சுரண்டியிருந்தார்கள், இன்னொன்றில் ஒரு பக்கம் மட்டும் லேசாகச் சுரண்டிவிட்டு அப்படியே முறுக்கி, ஈயம் வைக்காமல் ஸ்லீவை மேலே ஏற்றி மறைத்துவிட்டார்கள். செம்பும் செம்பும் தொட வேண்டிய இடத்தில் பாதிக்கு எனாமல் நிற்கிறது. மின்சாரம் போகும், ஆனால் குறுகிய வழியில் நெருக்கியடித்துப் போகும், அந்த இடம் சூடேறும், சூடேறச் சூடேறப் பக்கத்துக் கம்பியின் எனாமலும் உருகும். மூன்று வாரம் தாங்கியதே பெரிசு.

அப்பா சொன்ன வாக்கியம் அப்படியே நினைவிருக்கிறது. “தெரியாதவன் கட்டுனது இல்ல கண்ணு இது. நாடா கட்டுன கையைப் பாரு. நல்லாத் தெரிஞ்சவன், கடேசில சொதப்பிப்புட்டான்.”

தெரிந்தவன் சொதப்பினான். இந்த வாக்கியத்தைத் ‘திறமையின்மை’ போட்டு எழுதிப் பாருங்கள், எழுதவே முடியாது. கையேடு எச்சரிப்பது இப்படிப்பட்ட இணைப்பைப் பற்றித்தான், கட்டியவரின் தகுதிச் சான்றிதழ் அதற்குப் பொருட்டே இல்லை.

அடுத்தது ‘இடக்கை வேலை’. இதைப் பரிந்துரைத்த தோழர் ஆங்கிலத்தில் ‘காக்-ஹேண்டட்’ என்று இருப்பதைக் காட்டி, அதன் நேர்ப்பொருள் இடக்கைப் பழக்கம்தானே என்று எழுதியிருந்தார். அவர் கொடுத்த செய்தி சரி, அதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. காக் என்பது மலத்துக்கான பழைய சொல், லத்தீன் வரைக்கும் போகும் வேர். கழுவும் கை, அதனால் அழுக்குக் கை, அதனால் இடக்கை, அதனால் வேலைக்கு வாகில்லாத கை என்று பொருள் நகர்ந்திருக்கிறது என்று விளக்குகிறார்கள். இதைப் படித்ததும் நம் ஊர்க்காரர் யாருக்கும் ‘பீச்சாங்கை’ நினைவுக்கு வராமல் இருக்காது. கடல் கடந்து இரண்டு மொழிகள், ஒன்றை ஒன்று பார்க்காமலே, ஒரே கைக்கு ஒரே காரணத்துக்காக ஒரே பெயர் வைத்திருக்கின்றன. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட ‘கோஷ்’ என்பதும் இடது என்ற சொல்தான், நாகரிகம் தெரியாமல் தடுமாறுகிறவரைச் சொல்வது. மறுபக்கம் ‘டெக்ஸ்டெரிட்டி’ என்ற கைத்திறன் லத்தீனில் வலக்கையிலிருந்து பிறந்தது. நம்மிடமும் வலம் என்றால் வலப்பக்கமும் உண்டு, வலிமையும் வெற்றியும் உண்டு. இந்தச் சாய்வு எங்கும் இருக்கிறது.

இருப்பதாலேயே நாம் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டுமா? இந்தக் கையேட்டைப் படிக்கப் போகிறவர்கள் தொழிற்பயிற்சிப் பிள்ளைகள். நாற்பது பேர் வகுப்பில் இடக்கைப் பழக்கமுள்ள மூன்று நான்கு பேராவது இருப்பார்கள். ஸ்பேனரை இடக்கையில் பிடித்தால் வாத்தியார் கையில் தட்டும் வழக்கம் இப்போதுதான் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது, அதை நாம் ஒரு கலைச்சொல்லாக்கித் திருப்பிக் கொண்டுவர வேண்டாம். என் தங்கை இடக்கைக்காரி. அவள் காயில் சுற்றினால் அப்பாவே மறுசோதனை போடாமல் அனுப்புவார். ‘இடக்கை வேலை’ என்ற சொல்லை முழுதாக விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதே வரிசையில் இரண்டு ஆங்கிலச் சொற்களை யாரோ கேட்டிருந்தார்கள், அவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘கிளம்ஸி’ என்பது குளிரில் விறைத்துப்போவது என்ற பொருளுள்ள ஒரு பழைய வினையிலிருந்து வந்தது, வடக்கத்திய ஸ்காண்டிநேவிய உறவுள்ளது. பனியில் கை மரத்துப்போனவன் பொத்தான் போட முடியாமல் தடுமாறுகிறான், அந்தத் தடுமாற்றம்தான் கிளம்ஸி. ‘கிளட்ஸ்’ அமெரிக்க ஆங்கிலத்துக்கு ஐரோப்பிய யூதர்களின் இட்டிஷ் மொழியிலிருந்து வந்தது, மூலப்பொருள் மரக்கட்டை. ‘மரக்கட்டை மாதிரி நிக்கறான்’ என்று நாமும் சொல்கிறோம், மரமண்டை என்றும் சொல்கிறோம். ஆனால் இரண்டும் ஆளின் தன்மையைச் சொல்பவை. அவற்றுக்குக் கைவாகு என்ற நல்ல சொல்லை வைத்துக் ‘கைவாகின்மை’ என்று ஆக்கலாம். ‘அவனுக்குக் கைவாகு வரலே’ என்று தறிக்கூடத்திலும் சொல்வார்கள், சமையலறையிலும் சொல்வார்கள். கைவாகு பழகப் பழக வரும், அதனால் அந்தச் சொல் பிள்ளைகளை நோகடிக்காது. இதை அம்மா குறித்துக்கொள்ளலாம், வேறு அத்தியாயத்தில் உதவும்.

குளறுபடி நல்ல சொல், உயிரோடு இருக்கும் சொல், ஆனால் அது குளறுவதிலிருந்து வருகிறது, நாக்கிலிருந்து. வாக்காளர் பட்டியலில் குளறுபடி, தேர்வு முடிவில் குளறுபடி, ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று. சுரண்டாத கம்பியைக் குளறுபடி என்று எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். குழப்படி வேண்டவே வேண்டாம். இந்தக் குழுவில் யாழ்ப்பாணத்து நண்பர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் குழப்படி என்றால் பிள்ளைகள் செய்யும் சேட்டை. ‘குழப்படியான மோட்டார்’ என்று அச்சிட்டால் அங்கே வேறு படம் தெரியும். வழு நம் இலக்கணத்துச் சொல், அதைக் கணினிக்காரர்கள் ‘பக்’ என்பதற்கு எடுத்துக்கொண்டு நன்றாகவே பழக்கிவிட்டார்கள், அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

ஒட்டுவேலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில்தான் இழை இரண்டாகப் பிரிந்து சண்டை போல ஆகிவிட்டது. ஒட்டுப்போடுவது குற்றம் இல்லை. கிழிந்த சாக்குக்கு ஒட்டுப்போடுகிறோம், பஞ்சர் கடையில் டியூபுக்கு ஒட்டுப்போடுகிறார்கள், அது முறையான பழுதுபார்ப்பு. ரோட்டுக்குப் ‘பேட்ச் ஒர்க்’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுவும் சரியாகப் போட்டால் சரியான வேலைதான். (தமிழெழுத்தில் பேட்ச் என்றால் ஒட்டும் அதுதான், ஒரு தொகுதி என்பதும் அதுதான், அதனாலேயே பாட்ச் என்று அப்படியே ஒலிபெயர்த்து விட்டுவிடலாம் என்ற யோசனை பட்டறையில் குழப்பத்தைத்தான் தரும்.) ஒட்டு என்ற சொல்லைக் கெட்ட வேலைக்குக் கொடுத்துவிட்டால் நல்ல ஒட்டை எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் பாட்ச் என்ற சொல்லுக்கு நேர்ந்ததே இதுதான், பழுதுபார்ப்பு என்ற நல்ல பொருளை அது முழுதாக இழந்துவிட்டது. நம் கையில் நல்ல நிலையில் இருக்கும் ஒரு சொல்லை நாமே அந்த வழியில் தள்ளிவிட வேண்டாம்.

ஒட்டுவேலையை ஆதரித்தவர்கள் மனதில் இருந்தது வேறொன்று என்று நினைக்கிறேன். உரிய பாகம் இல்லை, உரிய கருவி இல்லை, இருப்பதை வைத்து இப்போதைக்கு ஓட வைப்பது. இதற்கு ஆங்கிலத்தில் ‘பாட்ஜ்’ என்று இருக்கிறது. அது பாட்ச் என்பதன் உடன்பிறப்புதான், 16ஆம் நூற்றாண்டிலேயே பிரிந்த வடிவம், இன்று பிரிட்டனில் இந்தப் பொருளில் தினமும் புழங்குகிறது. அமெரிக்கக் கணினிக்காரர்களின் ‘க்ளூஜ்’ கிட்டத்தட்ட இதற்குப் பக்கத்து வீடு. 1962இல் ‘டேட்டாமேஷன்’ இதழில் ஜாக்சன் கிரான்ஹோம் என்பவர் எழுதிய கட்டுரைதான் அந்தச் சொல்லைப் பரப்பியது, ஒன்றோடொன்று பொருந்தாத உறுப்புகளைச் சேர்த்து உருவாக்கிய, பார்க்கவே வருத்தம் தரும் ஒரு முழுமை என்ற மாதிரி அதில் விளக்கம் கொடுத்திருந்தார்.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு தங்கமான சொல் இருக்கிறது: ஒப்பேற்றுவது. எலுமிச்சை இல்லையா, புளியை வைத்து ஒப்பேற்று. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டதா, ஊர் போய்ச் சேரும்வரை கயிற்றைக் கட்டி ஒப்பேற்று. ஒப்பேற்றுகிறவரிடம் நேர்மை இருக்கிறது, இது நிரந்தரம் இல்லை என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலத்தில் மூவர் மூச்சு முட்டிச் சாகும் நிலைக்கு வந்தார்களே, தாய்க்கலத்தின் கார்பன் டைஆக்சைடு வடிகட்டி சதுரம், அவர்கள் ஒதுங்கியிருந்த நிலாக்கலத்தின் வாய் வட்டம், பிளாஸ்டிக் பை, கையேட்டு அட்டை, விண்வெளி உடுப்பின் குழாய், ஒட்டுநாடா இவற்றை வைத்துச் சதுரத்தை வட்டத்தில் பொருத்தினார்கள். தரையிலிருந்த பொறியாளர்கள் தங்களிடமும் அதே பொருள்களை வைத்துக்கொண்டு செய்துபார்த்து, படிப்படியாக மேலே வாசித்துச் சொன்னார்கள். உலகத்திலேயே உயர்ந்த ஒப்பேற்றல் அதுதான் என்பேன். அதைப் போய் யாராவது சொதப்பல் என்பார்களா?

சொதப்பலுக்கும் ஒன்று காட்டுகிறேன், படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்பெயினில் போர்ஹா என்ற சிற்றூர்த் தேவாலயச் சுவரில் எலியாஸ் கார்சியா மார்ட்டினெஸ் வரைந்த இயேசுவின் முகம் ஈரத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. 2012இல் எண்பது வயதைத் தாண்டிய ஊர்க்கார அம்மா ஒருவர், அந்தக் கோயிலின் மேல் உள்ள பற்றினால், அதைச் சரிசெய்யத் தூரிகையை எடுத்தார். முகம் அடையாளமே தெரியாமல் போய்விட்டது. அந்த அம்மாவை உலகமே கேலி செய்தது, அதில் எனக்கு உடன்பாடில்லை, அன்பினால் தொட்டவர் அவர். ஆனால் நம் சொல்லுக்கு அது அப்படியே பொருந்துகிறது. ஏற்கெனவே ஒரு பழுது இருந்தது, அதை நீக்க ஒரு கை வந்தது, பழுது பெரிதாகிவிட்டது. ஆங்கிலச் செய்திகள் அன்று தலைப்பில் பாட்ச் என்ற சொல்லைத்தான் போட்டன.

ஆக ஒப்பேற்றலும் சொதப்பலும் இரண்டு வேறு சரக்கு. கையேட்டிலும் இரண்டும் தனித்தனியாக வருகின்றன. இரண்டையும் ஒட்டுவேலை என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் படிக்கிற பிள்ளைக்கு எது அனுமதி, எது ஆபத்து என்று தெரியாமல் போய்விடும்.

இனி, கொச்சை என்ற தடைக்கு வருகிறேன். மொழியியல் படித்த ஐயா மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, அவர் திருத்தித்தான் இந்தக் குழுவில் பல சொற்கள் நின்றிருக்கின்றன. எழுத்தில் முன்னோர் ஆட்சி உள்ள சொல்லாக இருந்தால் நல்லது என்று அவர் எழுதியதால் நானும் உட்கார்ந்து தேடினேன். குறளில் கிடைத்தது. தெரிந்துசெயல்வகையில் 468ஆம் குறள்: ‘ஆற்றின் வருந்தா வருத்தம் பலர்நின்று போற்றினும் பொத்துப் படும்.’ உரிய வழியில் செய்யாத முயற்சி, பலர் துணை நின்று காத்தாலும் பொத்துப்படும். பரிமேலழகர் ‘புரைபடும்’ என்கிறார். பொத்தல் என்றால் ஓட்டை. ஆனால் வாயைப் பொத்து, காதைப் பொத்து என்னும்போது அதே ஒலியுள்ள சொல் ஓட்டையை மூடுவதைச் சொல்கிறது. ஓட்டையும் ஓட்டையை அடைப்பதும் ஒரே ஒலியில்! பாட்ச் என்ற சொல்லில் பழுதும் பழுதுபார்ப்பும் இருந்ததுபோலவே இங்கேயும் இருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ‘பொத்துவேலை’ என்று எழுதி வைத்துக்கொண்டு, இழையில் போட்டுவிடலாம் என்று விடிவதற்குக் காத்திருந்தேன்.

போடுவதற்கு முன் அப்பாவின் கடையை இப்போது நடத்தும் அண்ணனிடம் போனில் கேட்டேன். “பொத்துவேலைன்னா என்னங்கண்ணா புரியுது?” என்றேன். “ஓட்டை போடற வேலையா? டிரில்லிங்கா?” என்றார். சரி, “வேலையைச் சொதப்பிட்டான்னா?” என்றேன். கேள்வி முடியவில்லை, “யாரு, எந்த மோட்டாரு?” என்றார்.

அவர் பதிலிலேயே எனக்கு முடிவு கிடைத்துவிட்டது. பொத்துப்படுதலை நான் விட்டுவிடவில்லை, உரைநடையில் நயமாக எழுதுகிற இடத்தில் அது வரட்டும், ஒரு முன்னுரையில் அந்தக் குறளையே போடலாம். ஆனால் மின்சாரத்தின் பக்கத்தில் நிற்கிறவன் ஒரு நொடியில் புரிந்துகொள்ள வேண்டிய எச்சரிக்கைக்கு, கேட்டவுடன் “எந்த மோட்டாரு” என்று பதற வைக்கும் சொல்தான் வேண்டும்.

கொச்சை என்பது பிறப்பிலேயே வரும் குறை இல்லை ஐயா. பாட்ச் என்பதே கிழிசல் தைப்பவர்களிடம் புழங்கிய சொல். க்ளூஜ், பக் இரண்டும் பட்டறைப் பேச்சு. நம்மிடம் தேய்மானம் எங்கிருந்து வந்தது? கசிவு எங்கிருந்து வந்தது? வண்டிச் சக்கரமும் செருப்பும் தேய்ந்ததிலிருந்து வந்த தேய்மானத்தை இன்று கணக்காளர்கள் இருப்புநிலைக் குறிப்பில் எழுதுகிறார்கள், பானையிலிருந்து வந்த கசிவு மின்கசிவாகி நாளிதழில் தினமும் வருகிறது. யாரும் கொச்சை என்பதில்லை. சொதப்பல் இன்னும் அச்சில் அதிகம் பழகவில்லை, அவ்வளவுதான், பழக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இன்னொன்று, இலக்கணத்தில் அது ஒத்துழைக்கிறது. சொதப்பினான், சொதப்பிவிட்டது, சொதப்பிய, சொதப்பாமல், சொதப்பல், சொதப்பலான. ஆளையும் எழுவாயாக ஏற்கும், வேலையையும் ஏற்கும். எதிர்மறைக் கட்டளை வேண்டுமா, ‘அவசரத்தில் சொதப்ப வேண்டாம்’ என்று இயல்பாக நிற்கும். திறமையின்மையிலிருந்து ஒரு வினையை எடுங்கள் பார்க்கலாம், ‘திறமையின்றிச் செயல்பட்டு’ என்று மூன்று முழம் இழுக்க வேண்டியிருக்கும், மூலத்தில் ஓரசைச் சொல். அப்புறம், என் காதுக்குச் சொதப்பலில் சொதசொத என்ற ஒலி கேட்கிறது, தண்ணீர் கூடிப்போன மாவு, கெட்டியாக நிற்க வேண்டியது நிற்காமல் போவது. எனாமல் சுரண்டாத இணைப்பும் அப்படித்தான், பிடிப்பு இல்லாதது.

எனவே கையேட்டுக்கு என் முன்மொழிவு இது. பாட்ச் வரும் இடமெல்லாம் சொதப்பல், சொதப்பு. பாட்ஜ், க்ளூஜ், தற்காலிகச் சரிக்கட்டு வரும் இடமெல்லாம் ஒப்பேற்றல், ஒப்பேற்று. கிளம்ஸி வந்தால் கைவாகின்மை. அம்மா முதல் மடலில் கொடுத்த வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன்: ‘சொதப்பிய பழுதுவேலை, பழுதை அப்படியே விட்டுவைப்பதைவிட ஆபத்தானது. அவசரத்துக்கு ஒப்பேற்றியிருந்தால் அதன்மேல் சிவப்பு அட்டை கட்டித் தேதி எழுதவும்.’ இதை அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். ‘பழுதுவேலை’யை மட்டும் ‘ரிப்பேர்’ என்று போடச் சொன்னார், மற்றதெல்லாம் சரி என்றார்.

இரண்டு இடத்தில் எனக்கு இன்னும் ஐயம் தீரவில்லை. இணைப்புகளின் படத்தில் ‘பாட்ச் செய்யப்பட்ட இணைப்பு’ என்ற குறிப்புக்குச் ‘சொதப்பிய இணைப்பு’ போதுமா, அல்லது ‘சொதப்பல் இணைப்பு’ என்று பெயர்ச்சொல்லாகவே வைத்தால் சின்ன எழுத்தில் படிக்கச் சுலபமா? அடுத்தது, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகத்து நண்பர்கள் சொல்ல வேண்டும், உங்கள் கராஜ்களிலும் பம்புக் கடைகளிலும் சொதப்பல் காதில் விழுகிறதா, அல்லது கெட்டுப்போன ரிப்பேருக்கு உங்களிடம் வேறு சொல் இருக்கிறதா? இருந்தால் பேசுகிறபடியே எழுதி அனுப்புங்கள். அம்மா அச்சுக்குக் கொடுக்க இந்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது என்றார்.

அன்புடன்.